பவானி ஏன் ஈரோடு ஆகலை?

14 ஜூலை 2024, மதியம் (கேட்டவர்: பஸ்ஸில் போகும் தம்பி)

அண்ணா, சேலத்துக்கும் கோயமுத்தூருக்கும் நடுவுல பத்து வருசமா பஸ்ல போய் வர்றேன். லட்சுமி நகர்ல ரெண்டு நிமிசம் நிக்கும், நான் பார்த்த பவானி அவ்வளவுதான். காவிரி, பவானின்னு ரெண்டு ஆறு கூடுது, பாடல் பெற்ற கோயில் இருக்கு, நாடு முழுக்கப் பேர் தெரிஞ்ச ஜமுக்காளம் இருக்கு. ஆனா 15 கிலோமீட்டர்ல இருக்கிற ஈரோடு மாநகராட்சி ஆயிடுச்சு, எதிர்க்கரை குமாரபாளையம்கூட உங்க ஊரைவிடப் பெரிசு. ரயில் ஈரோட்டு வழியா போனதுதான் காரணம்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். நிசமா?

14 ஜூலை, இரவு

நிசம்தான். ரயில்தான். 1860-கள்ல மெட்ராஸ் ரயில்வே சேலத்துப் பக்கமிருந்து வந்து காவிரியை ஈரோட்டுல தாண்டுச்சு. பின்னாடி திருச்சி லைனும் அங்கேயே வந்து சேர்ந்து ஜங்ஷன் ஆச்சு. மஞ்சள் மண்டி, ஜவுளிச் சந்தை எல்லாம் அதைச் சுத்தி முளைச்சுது. எங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் ஸ்டேஷன் கிடையாது. சின்ன வயசுல ரயில் பார்க்கணும்னா ஈரோட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க, மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி. கேள்வி முடிஞ்சுது.

15 ஜூலை

முடியல. படுத்தவன் எந்திரிச்சு எழுதறேன்.

ரயில் வர்றதுக்கு அறுபது வருசம் முன்னாடி போய்ப் பாருங்க. திப்பு விழுந்த மறுவருசம், 1800-ல, கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஊர் ஊரா கணக்கெடுத்துட்டு வந்த பிரான்சிஸ் புக்கானன் ஈரோட்டையும் பார்த்தார். ஹைதர் காலத்துல 3,000 வீடு இருந்த இடம், கம்பெனியோட ஜெனரல் மெடோஸ் படையெடுப்புல அழிஞ்சுபோய், அப்பத்தான் தலையெடுத்து 400 வீடு ஆகியிருக்குன்னு எழுதினார். அதே சமயத்துல கோயமுத்தூர்ச் சீமையைக் கம்பெனி ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்குத் தாராபுரத்தையும் இன்னொரு பாதிக்குப் பவானியையும் தலைமையிடமா வச்சிருந்தது. அந்தக் கணக்குல அப்ப நாங்கதான் ஜில்லா தலைநகர். ஈரோடு இடிபாடு.

1804-ல ரெண்டையும் ஒண்ணாக்கினாங்க. ஆபீஸ் கோயமுத்தூருக்குப் போயிடுச்சு.

ஆக, முதல்ல போனது கச்சேரி, அதாவது கலெக்டர் ஆபீஸ். ரயில் எங்களைத் தாண்டிப் போனபோது நாங்க ஏற்கெனவே அரை நூற்றாண்டு தூங்கியாச்சு. நேத்து ராத்திரி எழுதினதைப் பாதி வாபஸ் வாங்கிக்கறேன்.

17 ஜூலை

கச்சேரி போச்சு, கட்டில் மட்டும் மிஞ்சுச்சு. சங்கமேஸ்வரர் கோயில்ல ஒரு தந்தக் கட்டில் இருக்கு. கலெக்டரா இருந்த வில்லியம் காரோ 1804-ல வேதநாயகி அம்மனுக்குக் கொடுத்தது. கதை ஊர்ல எல்லாருக்கும் தெரியும். மழைராத்திரி, தொரை தூங்கறார். ஒரு சின்னப் பொண்ணு வந்து எழுப்பி வெளியே கூட்டிட்டு வருது. அவர் வந்த மறுநிமிசம் பங்களா இடிஞ்சு விழுது, பொண்ணைக் காணோம். மாற்று மதத்தவர் உள்ளே போகக்கூடாதுன்னு, அவர் அம்மனைப் பார்க்க மதில்ல மூணு துவாரம் போட்டாங்கன்னும் சொல்வாங்க. இப்பவும் அந்தத் துவாரத்துல கண்ணை வச்சுப் பார்க்கிற ஆட்கள் உண்டு. நானும் வச்சிருக்கேன். முன்னாடி நிக்கிறவர் சட்டைதான் தெரிஞ்சுது.

அதே 1804-ன்னு கவனிச்சீங்களா? தலைநகர் போன வருசமும் கட்டில் வந்த வருசமும் ஒண்ணு. தொரை சாமான் கட்டும்போது கொடுத்துட்டுப் போனாரோன்னு எங்க அப்பிச்சி, அம்மாவோட அப்பா, கிண்டல் பண்ணுவார். அம்மிச்சி, அவர் சம்சாரம், காதுல விழாத மாதிரிதான் சொல்வார்.

19 ஜூலை

ஒருத்தர் கேட்டிருந்தார், ரெண்டு ஆறு இருந்தும் ஊர்ல ஏன் விவசாயப் பணம் புழங்கலைன்னு. நல்ல கேள்வி. தண்ணி எங்க வாசல்ல இருக்கு, பாயறது வேற ஊருக்கு.

காலிங்கராயன் வாய்க்கால் கேள்விப்பட்டிருப்பீங்க. பாண்டியர் ஆட்சியில அதிகாரியா இருந்த காலிங்கராயன் 13-ஆம் நூற்றாண்டுல வெட்டினது. 1283-ல முடிஞ்சதுன்னு வழக்கமாச் சொல்றாங்க. எங்க ஊர்கிட்ட காவிரித் தண்ணியை மறிச்சு, ஈரோட்டு ஓரமாவே போய், கொடுமுடிப் பக்கம் ஆவுடையாபாறைகிட்ட நொய்யல்ல சேருது. 56 மைல் நீளம், 15,000 ஏக்கருக்கு மேல பாசனம். நெல், கரும்பு, வாழை, மஞ்சள். ஈரோட்டு மஞ்சள்னு 2019-ல புவிசார் குறியீடு வாங்கினாங்களே, அதுல ஒரு பங்கு எங்க வீட்டுக்குப் பின்னாடி கிளம்பின தண்ணியைக் குடிச்சு வளர்ந்தது.

வாய்க்கால் நேரா போகாது, நெளிஞ்சு நெளிஞ்சுதான் போகும். அதனாலதான் கோணவாய்க்கால்னு பேர். பாம்பு ஒண்ணு முன்னாடி ஊர்ந்து வழி காட்டுச்சு, அது போன தடத்துல வெட்டினாங்கன்னு கதை. மேடு தட்டாம, வாட்டம் போகாம மட்டம் பிடிச்சு வெட்டினா அப்படித்தான் நெளியும். ஆனா மட்டக்கருவி இல்லாத காலத்துல மட்டம் பார்த்தவனைப் பாம்புன்னு சொன்னதுல எனக்கு ஆட்சேபணை இல்லை.

19 ஜூலை, பத்து நிமிசம் கழிச்சு

திருத்தம். காவிரித் தண்ணின்னு எழுதிட்டேன், தப்பு. அணைக்கட்டு பவானி ஆத்துல இருக்கு, காவிரியோட கூடறதுக்குக் கொஞ்சம் முன்னால. ஆத்தங்கரையில பிறந்தவன் ஆறு மாத்தி எழுதினா அம்மிச்சி இருந்திருந்தா கரண்டி எடுத்திருக்கும்.

இன்னொண்ணும் விட்டுட்டேன். வாய்க்கால் வெட்டினது சொந்த லாபத்துக்குன்னு யாரும் சொல்லிடக்கூடாதுன்னு, அந்தத் தண்ணியை நானும் என் வம்சமும் தொடமாட்டோம்னு சத்தியம் பண்ணிட்டு, காலிங்கராயன் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோயிட்டதா சொல்வாங்க. ஈரோட்டுப் பக்கம் சாயமும் தோல் கழிவும் கலந்து, கழிவுக்குன்னே பக்கத்துல தனியா பேபி வாய்க்கால் கட்டவேண்டி வந்த காலத்துல அந்தச் சத்தியம் எல்லாருக்கும் பொருந்தும்.

21 ஜூலை, ஞாயிறு

இன்னிக்கு லீவு. ஜமுக்காளத்தைப் பத்திச் சாவகாசமா எழுதறேன். மத்தது நான் படிச்சது, கேட்டது. இது பார்த்தது.

19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில சீமை மில் துணி வந்து மெல்லிசுத் துணி நெசவை அடிச்சுப் போட்டப்ப, இங்க இருந்தவங்க தடிச்ச நூலைச் சாயம் தோய்ச்சு, பட்டை பட்டையா விரிப்பு நெய்ய ஆரம்பிச்சாங்க. மில்லு மெல்லிசுக்குப் போச்சு, நாங்க தடிமனுக்குப் போனோம். தந்திரமான முடிவுதான். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். கல்யாணம், காதுகுத்து, பஞ்சாயத்து, கட்சிக் கூட்டம், பஜனை, எங்க பத்துப் பேர் தரையில உக்காந்தாலும் அடியில எங்க ஊர் இருந்தது.

எங்க அப்பிச்சி வீட்டு முன்னறையில குழித்தறி. தரையில குழி, காலைத் தொங்கப்போட்டு மிதியில வச்சு உக்காரணும். அகலமான ஜமுக்காளத்துக்கு ஒரு ஆள் கை எட்டாது. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காருவாங்க. நாடாவை, அதான் குறுக்கு நூலைக் கொண்டு போற கட்டையை, இவர் தள்ள, நடுவுல அவங்க வாங்கி அந்தப் பக்கம் தள்ள, ரெண்டு பேரும் சேர்ந்து பலகையை இழுத்து ஒரு அடி. மறுபடியும் நாடா இந்தப் பக்கம். எங்க வீட்ல வலது பக்கம் அப்பிச்சி, இடது பக்கம் அம்மிச்சி. நாப்பது வருசம் ஒரே குழியில கால் போட்டவங்க.

சண்டை வந்தா பேச்சு நிக்கும், தறி நிக்காது. கூலி போயிடுமே. ஆனா அம்மிச்சி கோவத்துல இருந்தா இடது கை இழுப்பு பலமா விழும். அந்தப் பக்கம் ஊடை (குறுக்கு நூல்) நெருங்கி இறுகும், வலது பக்கம் கொஞ்சம் லூசாவே நிக்கும். நாலு விரக்கடை நெய்யறதுக்குள்ள பட்டை சாஞ்சுடும். முதலாளிகிட்ட கொண்டு போனா விரிச்சுப் பார்த்துட்டு, "ஏனுங்க, வீட்ல சரியில்லீங்களா?"ன்னு கேப்பாராம். கூலியில பிடிச்சுக்கவும் செய்வார்.

தார் சுத்தறது, அதாவது நாடாவுக்குள்ள வைக்கிற நூலைச் சுத்தறது, எங்க வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தா ராட்டையில உக்காந்து பத்துத் தார் சுத்திட்டுத்தான் விளையாடப் போகணும். விரல் நுனியில சாயம் ஏறியிருக்கும். வாத்தியார் கையைப் பார்த்தே யார் யார் வீட்ல என்ன கலர் ஓடுதுன்னு சொல்லிடுவார்.

22 ஜூலை

நேத்து எழுதினதைப் படிச்சா என்னவோ பொற்காலம் மாதிரி இருக்கு. இல்லைங்க. குழியில ஈரம், முட்டிவலி, நூல் தூசியில இருமல். எங்க அம்மா தறியில உக்காரவே மாட்டேன்னு அடம் பிடிச்சுத்தான் டீச்சர் டிரெயினிங் போனாங்க. அப்பிச்சி அதுக்குச் சந்தோசப்பட்டார். எங்க தெருவுல மக்களைத் தறியில இருந்து இறக்கிவிடத்தான் ஒவ்வொருத்தரும் தறி ஓட்டினாங்க. ஊர் ஏன் வளரலைன்னு கேட்டா இதையும் சேர்த்துக்கணும்.

24 ஜூலை

பிளாஸ்டிக் நாற்காலி. இத்தனை வரலாறு எழுதிட்டு இதை விட்டா எப்படி? மண்டபங்கள்ல நாற்காலி அடுக்க ஆரம்பிச்சதும் தரையில உக்கார்றவங்க குறைஞ்சுட்டாங்க. எங்களுக்கு ரயிலைவிடப் பெரிய அடி அந்தச் சிவப்பு நாற்காலிதான்னு எனக்குப் படுது. ஈரோட்டுக்காரர் யாராவது மறுத்தா மறுங்க.

30 ஜூலை

மேட்டூர் அணை நிரம்பி 120 அடி தொட்டுடுச்சு. ஜூலை ஆரம்பத்துல 40 அடிக்கிட்ட கிடந்த அணை. அம்மா காலையிலேயே போன் பண்ணிட்டாங்க. கிளம்பிப் போறேன். ரெண்டு நாள் எழுத முடியாது.

1 ஆகஸ்ட்

ஊர்ல இருந்து எழுதறேன். காவிரி வீதி, கந்தன் பட்டறைப் பக்கமெல்லாம் தண்ணி. பாத்திரம், டிவி, அரிசி மூட்டை எல்லாம் மொட்டை மாடியில.

ஆத்தங்கரைத் தெருக்கள்ல வெள்ளத்துக்குத் தண்டோரா தேவையில்லை. தறிக்குழி சொல்லிடும். ஆறு படியேறி வீதிக்கு வர்றதுக்கு முன்னாடியே குழிக்குள்ள அடியில இருந்து ஊத ஆரம்பிக்கும். மிதி நனைஞ்சா பாவு நூலை அறுத்துச் சுருட்டு, கிளம்புன்னு அர்த்தம். எங்க அப்பிச்சி வீட்ல குழியை மூடி டைல்ஸ் போட்டு இருபது வருசமாச்சு. முந்தாநாள் ராத்திரி சரியா அந்த இடத்துல மட்டும் டைல்ஸ் இடுக்குல தண்ணி கசிஞ்சுதுன்னு மாமா காட்டினார். சதுரமா. குழி அளவுக்கு.

1934-ல மேட்டூர் அணை, 1955-ல பவானிசாகர்னு ரெண்டு ஆத்துக்கும் பூட்டுப் போட்டாச்சு. சாவி எங்ககிட்ட இல்லை. மேட்டூருக்குக் கீழே ஊராட்சிக்கோட்டை வரைக்கும் நாலு கதவணை, தலா 30 மெகாவாட் கரண்ட். கீழ்பவானி வாய்க்கால்ல ரெண்டு லட்சம் ஏக்கர் பாசனம். அதுல எங்க ஊருக்குன்னு தனியா வந்தது, அணை நிரம்பினா வீட்டுக்குள்ள வர்ற தண்ணி. புலம்பறேன்னு நினைக்காதீங்க, ராத்திரி பூரா வாளியில மொண்டு ஊத்தியிருக்கேன்.

3 ஆகஸ்ட், ஆடிப் பதினெட்டு

ரெண்டு ஆறும் சேர்ற கூடுதுறையில படிகளைக் காணோம். தடுப்புக் கட்டி போலீஸ் நிக்குது. ஆத்துல இறங்க வந்தவங்க ஷவர்ல குளிச்சுட்டு, தாலிக்கயிறு மாத்திட்டு, ஆத்தைத் தூரத்துல இருந்து கும்பிட்டுட்டுப் போறாங்க. ஆறு பெருகினதுக்கு விழா, பெருகினதாலயே கிட்டப் போக முடியல.

வழக்கமான நாள்ல ரெண்டு தண்ணியும் ரெண்டு நிறமா கொஞ்ச தூரம் ஒட்டாம போறது தெரியும். இன்னிக்கு ஒரே செம்மண்.

5 ஆகஸ்ட்

நேத்து ஆடி அமாவாசை. ஊர்ப் பொருளாதாரம்னு கேட்டீங்களே, நேத்து வந்து பார்த்திருக்கணும். எள்ளு, தர்ப்பை, வாழைஇலை, பச்சரிசி, பிண்டத்துக்கு மாவு, தேங்காய், பூ, வேட்டி துண்டு, செருப்புக்குக் காவல், காருக்கு இடம், இட்லி, டீ. புரோகிதர், பந்தல்காரர், நாவிதர், ஆட்டோக்காரர், பூக்காரம்மா. ஜமுக்காளம் ஒருத்தர் ஒண்ணு வாங்கினா இருபது வருசம் கிடக்கும். திதி வருசா வருசம் வரும். சம்பந்தர் எங்க ஊரைத் திருநணான்னு பாடின காலத்துல இருந்து நிக்காத வியாபாரம் இது ஒண்ணுதான்.

வந்தவங்க யாரும் ராத்திரி தங்கறதில்லை. காலையில வந்து முழுகி, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடறாங்க. தர்ப்பணம் பண்ணின ஊர்ல தங்கக்கூடாதுன்னு ஒரு எண்ணம் வேற. லாட்ஜ் கட்டினவங்க கைசேதப்பட்டதுதான் மிச்சம்.

11 ஆகஸ்ட்

குமாரபாளையம் பத்தி ரெண்டு பேர் கோவமா எழுதியிருக்கீங்க. கொமாரபாளையம்னுதான் சொல்லணும்னு ஒருத்தர், இல்லைன்னு ஒருத்தர். ஆத்தைத் தாண்டினா பேர் மாறும், விடுங்க. ஜில்லாவே மாறுதே! அவங்க சேலம், 1997-ல இருந்து நாமக்கல். நாங்க கோயமுத்தூர், 1979-ல பெரியார் மாவட்டம், அப்புறம் ஈரோடு. பாலத்துல நின்னு எச்சில் துப்பினா எந்த ஜில்லாவுல விழும்னு சின்ன வயசுல பந்தயம் கட்டுவோம்.

2011 கணக்குல எங்க ஊர் 40 ஆயிரத்துக்குள்ள, அவங்க 70 ஆயிரத்துக்கு மேல. காரணம் விசைத்தறி. லுங்கி, துண்டுன்னு ஓடினாங்க. நாங்க ஏன் ஓடலைன்னா, 1985-ல கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. இன்னின்ன துணியைக் கைத்தறியில மட்டும்தான் நெய்யலாம்னு பட்டியல். அதுல ஜமுக்காளம் உண்டு. 1993-ல உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு. எங்களைக் காப்பாத்த வந்த வேலி. சட்டத்தை மதிச்சவன் குழியில உக்காந்திருக்க, சோலாப்பூர்ல விசைத்தறியில அடிச்சு பவானி ஜமுக்காளம்னு பாதி விலைக்குச் சந்தையில விட்டாங்க. 2005-06-ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. கடைக்காரர் அதைக் கேட்டாத்தானே.

ஆனா இதையும் சொல்லணும். விசைத்தறி பெருகின கரையில சாயப்பட்டறையும் பெருகுச்சு. காவிரி அந்தப் பக்கம் எத்தனை நிறத்துல ஓடுச்சுன்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். ஆத்துல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள அதிகமா மாசு தர்ற ஆலையே வரக்கூடாதுன்னு 1989-லயே அரசாணை இருக்கு. இருந்தும் ஓடுச்சு. நாங்க வளர்ந்திருந்தா எங்க கரையும் அப்படித்தான் ஆகியிருக்கும். எங்ககிட்ட மட்டும் சாயம் இல்லையான்னு கேக்காதீங்க, இருந்தது. அளவு சின்னது, அவ்வளவுதான்.

25 ஆகஸ்ட்

வெட்கக்கேடு ஒண்ணு. போன வருசம் திருப்பூர்ல வீடு மாத்தினப்ப, பக்கத்துக் கடையில 'ஒரிஜினல் பவானி'ன்னு அட்டை தொங்கின ஜமுக்காளம் ஒண்ணு வாங்கினேன். தறிக்காரன் பேரன், விரிச்சே பார்க்கலை. முதல் அலசல்ல வாளி முழுக்க நீலம், வெள்ளைச் சட்டை மூணு காலி. காயப்போட்டப்பத்தான் கவனிச்சேன். கனமே இல்லை, ரெண்டு கரையும் ஸ்கேல் வச்சு வெட்டின மாதிரி, பட்டை துளி சாயலை. மனுசன் கை படவேயில்லை. அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. இதைப் படிக்க மாட்டாங்கன்னு நம்பறேன்.

2023-ல லண்டன் ஃபேஷன் வீக் மேடையில ஜமுக்காளப் பைகள் ஏறுச்சு, எங்க ஊர் நெசவாளர் ஒருத்தரும் கூடவே நடந்தார். வீடியோவைத் தெருவே சேர்ந்து பார்த்துச்சு. பார்த்து முடிச்சதும் எதிர்வீட்டு அக்கா கேட்டது, "பைக்கு அடிக்கணக்குல கூலியா, பீஸ் கணக்குல கூலியா?"

1 செப்டம்பர்

தம்பி, உங்க கேள்விக்குத் திரும்ப வர்றேன். ஆபீஸ்காரர்கிட்ட சொல்லுங்க: ரயில் ஒரு பங்கு, ரயிலுக்கு முன்னாடி போன கச்சேரி ஒரு பங்கு. வாசல்ல கிளம்பி வேற ஊர் வயலுக்குப் போற தண்ணி, வேலியே விலங்கான சட்டம், நாற்காலி, தறியை விட்டு இறங்கினாப் போதும்னு நினைச்ச எங்க அம்மா தலைமுறை எல்லாம் சேர்ந்து மீதி. எது எத்தனை பங்குன்னு கேட்டா நாளைக்கு ஒண்ணு சொல்வேன், மறுநாள் மாத்துவேன். மேல பார்த்தீங்களே.

8 செப்டம்பர்

தம்பி, உங்கம்மா கல்யாணத்துக்கு வாங்கினதுன்னு நீங்க அனுப்பின ஜமுக்காளப் போட்டோ பார்த்தேன். பெரிசு பண்ணிப் பார்த்தேன். சிவப்புப் பட்டை இடது ஓரத்துல நேரா இருக்கு, வலப்பக்கம் போகப்போக அரை விரக்கடை ஏறியிருக்கு. அப்புறம் ஒரு முழம் தாண்டி நேராயிடுது.

கைத்தறிதான். நம்பி வச்சுக்கங்க. சாயங்காலத்துக்குள்ள சமாதானம் ஆயிட்டாங்க போல.